புகைச் சோதனைக்காக டீசல் பம்ப் திருகைக் குறைப்பது சரியா?

குலசேகரம் ரப்பர்காரன்:
எங்கள் வீட்டில் 2006-இல் வாங்கிய டீசல் ஜீப் இருக்கிறது. தோட்டத்திலிருந்து ரப்பர் ஷீட் இறக்குவதற்கும், பேச்சிப்பாறைப் பக்கம் போய்வருவதற்கும் அதுதான். போன வாரம் புகைச் சான்றிதழ் புதுப்பிக்கக் கொண்டுபோனேன். 2.45-க்குள் இருக்க வேண்டிய புகை அடர்த்தி 3.2 காட்டியது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் மெக்கானிக், பம்ப்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன், சான்றிதழ் கிடைத்ததும் பழையபடி வைத்துக்கொள்ளலாம் என்கிறார். நான் இதில் தவறு காணவில்லை. ஆறு மாதத்திற்கு ஒருமுறை சில நிமிடங்கள் சோதனை. மீதி நாளெல்லாம் வண்டி சுமையோடு ஏற்றம் ஏற வேண்டும். இப்படிச் செய்தவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் பட்டறைக்காரர்:
தம்பி, அந்தத் திருகைத் தொடாதீர்கள். கம்பெனியிலிருந்து வரும்போது அதற்கு ஈய முத்திரை போட்டிருப்பார்கள். உங்கள் பம்ப்பில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் யாரோ ஒருவர் ஏற்கெனவே இழுவைக்காகக் கூட்டி வைத்திருக்கிறார், புகை அங்கிருந்தே வரலாம்.

கறுப்புப் புகைக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு வகை: விழும் டீசலுக்குக் காற்றுப் போதவில்லை, அல்லது டீசல் சரியாகத் தூளாகாமல் விழுகிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத்தாள் மேல் ஒரு தட்டுத் தட்டுங்கள். உங்கள் ஊர்ச் செம்மண் சாலையில் ஓடும் வண்டியில் ஒரு கைப்பிடி தூசி விழும். பிறகு எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நான்கு நாசிலையும் கழற்றிச் சோதனைப் பம்ப்பில் மாட்டிப் பார்க்க வேண்டும். நல்ல நாசில் பனி மாதிரி விசிறி அடித்துச் சட்டென்று நிற்கும். கெட்டது ஒரு பக்கமாகப் பீய்ச்சும், நின்ற பிறகும் நுனியில் ஒரு துளி தொங்கும். அந்தத் துளிதான் எரியாமல் கரியாகிறது. இவை இரண்டும் சரியாக இருந்தால் டாப்பெட் (வால்வு) இடைவெளி, பம்ப் டைமிங் (டீசல் விழும் நேரம்) இரண்டையும் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் பம்ப்பைத் திறப்பது பற்றிப் பேச்சு. நாசில் கெட்டிருக்கும்போது திருகைக் குறைத்தால் புகை குறையும், இழுவையும் போகும், நோய் அப்படியே இருக்கும்.

தக்கலை சாலையோர வீடு:
சான்றிதழ் கிடைத்ததும் பழையபடி வைத்துக்கொள்ளலாம் என்ற வரியைப் படித்ததும் மனம் கொதித்தது. எங்கள் வீடு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் மாலையில் விரல் வைத்தால் கரி ஒட்டுகிறது. என் மகனுக்கு இளைப்பு நோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் சேர்த்தது. சோதனைக்கு ஒரு வண்டி, சாலைக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்ள உங்களுக்கு என்ன உரிமை?

குலசேகரம் ரப்பர்காரன்:
அக்கா, உங்கள் மகன் நலமாக இருக்க வேண்டும், அதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு களியக்காவிளை வழியாக வரிசை கட்டிப் போகும் லாரிகளை விட்டுவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் ஓடும் என் ஜீப்பைப் பிடிப்பது நியாயமா? சான்றிதழ் இல்லாமல் மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதம், ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் போகும். மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றால் எங்களுக்கு வருமானமே இல்லை. நாசில் செலவு, கூலி, இரண்டு நாள் வண்டி நிற்பது, இதையெல்லாம் யார் தருவார்கள்?

தக்கலை சாலையோர வீடு:
லாரி விடும் புகைக்காகவும் நான் மனுக் கொடுத்திருக்கிறேன். லாரிக்காரரும் இதையேதான் சொல்கிறார்: என் ஒரு வண்டியாலா கெட்டுப்போகிறது என்று.

ஆரல்வாய்மொழி ஓட்டுநர்:
அண்ணாச்சி, செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. சோதனைக்கு முன் தோவாளையிலிருந்து ஆரல்வாய்மொழிவரை மூன்றாவது கியரில் நன்றாக மிதித்து ஓட்டுங்கள். ஊருக்குள்ளேயே மெதுவாக ஓடும் டீசல் வண்டியின் சைலன்சரில் கரி படிந்திருக்கும். அதை வெளியேற்றாமல் போனால் சோதனையில் மிதிக்கிறபோது மொத்தமும் சோதனைக் குழாய்க்குள் வந்து விழும். டிராவல்ஸ் வண்டிகளை நான் இப்படித்தான் கொண்டுபோகிறேன்.

தக்கலை சாலையோர வீடு:
அந்தக் கரி தோவாளைக்காரர்கள் வீட்டில் விழுந்தால் பரவாயில்லையா? இதுவும் திருகைக் குறைப்பதும் எனக்கு ஒன்றுதான்.

மார்த்தாண்டம் பட்டறைக்காரர்:
ஒன்றல்ல, அக்கா. இதில் ஓட்டுநர் தம்பி பக்கம்தான் நான். எஞ்சின் ஆயில் 60 டிகிரிக்குச் சூடாகியிருக்க வேண்டும் என்று சோதனை முறையே சொல்கிறது. நியூட்ரலில் முழுவதும் மிதித்து விட்டு, மிதித்து விட்டு, ஒத்துவரும் அளவுகளின் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். வண்டி அதன் உண்மையான நிலையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சூடு. திருகைக் குறைப்பது வண்டியையே வேறு வண்டியாக மாற்றிக் காட்டுவது. ஆனால் தம்பி, 3.2 காட்டுகிற வண்டி ஓட்டத்தால் மட்டும் இறங்காது, ஆசை காட்டாதீர்கள்.

குளச்சல் கடலோரம்:
பெட்ரோல் காருக்கும் சூடு முக்கியம். எனது 2018 கார், பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதிக்கு உட்பட்டது. கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எனக்கு 0.46 வந்தது. சோதனை நிலையம் வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர். புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வர்ட்டர் சூடாகாமல் வேலை செய்யாது என்று அன்றுதான் தெரிந்தது. இருபது நிமிடம் ஓட்டிவிட்டுப் போனேன், அப்போதும் 0.38. கடைசியில் பார்த்தால் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் குழாயின் வெல்டிங் உப்புக்காற்றில் அரித்து, நகக்கண் அளவு ஓட்டை. அதன் வழியே வெளிக்காற்று புக, சென்சார் பெட்ரோல் குறைவு என்று எண்ணி அதிகமாக ஊற்ற வைத்திருக்கிறது. அடைத்த பிறகு 0.1. முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் இருப்பவர்கள் முதலில் காரின் அடியில் படுத்துப் பாருங்கள்.

குலசேகரம் ரப்பர்காரன்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். முத்திரை இல்லை, பட்டறை அண்ணாச்சி சொன்னது சரி. ஃபில்டர் மாற்றினேன், நாசிலில் இரண்டு சொட்டின, அவற்றையும் மாற்றினேன். 2.6-க்கு வந்து நின்றது. பம்ப்பை நாகர்கோவிலில் காலிபரேஷனுக்கு (டீசல் அளவைச் சரிசெய்ய) கொடுத்து, கம்பெனி அளவில் வைத்து முத்திரை போட்டு வாங்கினேன். இப்போது 1.9. சுமையோடு பேச்சிப்பாறை ஏற்றத்தில் முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இப்போது இரண்டுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. அக்கா, ஆறு மாதத்திற்கு என் ஜீப் தக்கலையில் கறுப்பாகப் புகைக்காது. ஆனால் ஏழை வண்டிக்காரனுக்கு இவ்வளவு செலவு வைத்துவிட்டு லாரிகளைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள் என்ற என் பேச்சிலிருந்து நான் இறங்கவில்லை.

தக்கலை சாலையோர வீடு:
இறங்க வேண்டாம், தம்பி. அடுத்த மனுவில் உங்கள் கையெழுத்தும் வேண்டும்.