ஸ்கூல் வண்டியில் நன்றாக ஓட்டுகிறேன், வீட்டு வண்டி ஆஃப் ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பீளமேட்டுக்காரி:
வணக்கம்ங்க. கோவையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் வகுப்பு முடித்திருக்கிறேன். எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) கையில் இருக்கிறது, ஆர்.டி.ஓ. டெஸ்டுக்கு இன்னும் தேதி எடுக்கவில்லை. ஸ்கூல் வண்டியில் அவிநாசி ரோட்டு நெரிசலில்கூட ஓட்டியிருக்கிறேன், ஆஃப் ஆனதே இல்லை. "உங்களுக்குக் கை வந்துருச்சும்மா, டெஸ்டுக்குப் போயிடலாம்" என்கிறார் மாஸ்டர். ஆனால் அண்ணனுடைய காரை எடுத்தால் கேட்டைத் தாண்டுவதற்குள் ஆஃப். மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒரு குதி குதித்து நிற்கிறது. ஸ்கூலில் இருப்பது பழைய ஆல்டோ, எங்களுடையது போன வருடம் வாங்கிய ஸ்விஃப்ட். இரண்டும் பெட்ரோல்தான். கோளாறு வண்டியிலா, என்னிடமா?

இன்னொன்று. வகுப்பில் எப்போதும் மூன்று பேர் வண்டியில் இருப்போம். அடுத்தவர் வீட்டு வாசல் வரைக்கும் ஓட்டுவதுதான் என் முறை. பெரும்பாலும் கால் மணி நேரம்கூட வராது. எல்லா இடத்திலும் இப்படித்தானா?

கியர்பாக்ஸ்:
ஆட்டோமேட்டிக் வாங்கிடுங்க, கதை முடிஞ்சது. நம்ம கார் லைசென்ஸில் ஆட்டோமேட்டிக், மேனுவல் என்று தனித்தனியாகக் கிடையாது.

ஈரோட்டு அக்கா:
போன வருடம் வாங்கிய வண்டியை விற்கச் சொல்கிறீர்களே தம்பி, மிச்சப் பணத்தை நீங்கள் போடுவீர்களா?

முன்னாள் மாஸ்டர்:
தங்கச்சி, நான் திருப்பூர் பக்கம் பல வருடம் கார் சொல்லிக்கொடுத்தவன். முதலில் ஒரு கேள்வி. ஸ்கூல் வண்டியில் கிளம்பும்போதோ, சிக்னலில் நிற்கப் போகும்போதோ, நீங்கள் மிதிக்காமலே கிளட்ச் பெடல் உங்கள் காலுக்கடியில் இறங்கியதுண்டா?

பீளமேட்டுக்காரி:
ஆமாங்கண்ணா, அடிக்கடி! கேட்டதற்கு "பழைய வண்டி, பெடல் கொஞ்சம் லூஸ்" என்றார் எங்கள் மாஸ்டர்.

முன்னாள் மாஸ்டர்:
லூஸும் இல்லை ஒன்றும் இல்லை, அது அவர் கால். பயிற்சி வண்டியில் இடது சீட்டுக்கு முன்னாலும் பெடல் இருக்கும். மாஸ்டர் வண்டியை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கிளட்சையும் பிரேக்கையும் கம்பியாலோ கேபிளாலோ உங்கள் பெடலோடு இணைத்திருப்பார்கள். அவர் மிதித்தால் உங்களுடையதும் இறங்கும். நீங்கள் படக்கென்று காலை எடுத்தாலும், அவர் கால் பெடலை மெதுவாகத்தான் மேலே விடும். இதுவரை ஸ்டியரிங்கும் கியரும் பழகியிருக்கிறீர்கள். கிளட்சை இன்னும் பழகவே இல்லை.

மாஸ்டர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் வண்டி ஆஃப் ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், கால் தானாகப் போய்விடும். ஆனால் மிதித்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் "கை வந்துருச்சு" என்பது எனக்குப் பிடிக்காது.

வண்டியிலும் வித்தியாசம் உண்டு. பழைய ஆல்டோவில் கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால், பெடல் நன்றாக மேலே வந்த பிறகுதான் வண்டி நகரும். புது வண்டியில் அதற்கு முன்பே பிடித்துவிடும். பழைய நினைப்பில் காலை எடுத்தால் இஞ்சின் திணறி நின்றுவிடும்.

இப்படிச் செய்து பாருங்கள். முதலில் சீட்டு. கிளட்சைத் தரை வரை மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். எட்டி எட்டி மிதித்தால் மெதுவாக விட வரவே வராது. சமதளமான காலி இடத்தில் இஞ்சினை ஓடவிட்டு, முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மயிரிழை மயிரிழையாக விடுங்கள். ஓர் இடத்தில் இஞ்சின் சத்தம் கம்மும், வண்டி லேசாக நகரும். அங்கேயே காலை நிறுத்துங்கள். பாதி தூரம் வந்தவுடன் மிச்சத்தை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்வது, அங்கேதான் ஆஃப் ஆகும். வண்டி நகர்ந்து சக்கரம் ஒரு சுற்று சுற்றும் வரை கால் அசையக் கூடாது, அப்புறம் மீதியை விடலாம். மறுபடி மிதித்து நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து. கால் அலுக்கும் வரை இதையே செய்யுங்கள். அது வந்த பிறகு ஆக்சிலரேட்டரைச் சேர்க்கலாம், இஞ்சின் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் 1,500 பக்கம் இருந்தால் போதும்.

தடித்த செருப்போடு வேண்டாம். அண்ணன் கத்துபவர் என்றால் அவரும் வேண்டாம், வேறு யாரையாவது கூட்டிப் போங்கள்.

பழைய ஃபைல்:
மாஸ்டர் சொன்னதில் ஒரு திருத்தம். காலி இடமாக இருந்தாலும் பொது இடம் என்றால் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்து சீட்டில் இருந்தே ஆக வேண்டும், அவர் வண்டியை நிறுத்தும் நிலையில் இருக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் வெள்ளைப் பலகையில் சிவப்பு எல் எழுத்து, பலகை 18 சென்டிமீட்டர் சதுரம். 1989 மோட்டார் வாகன விதிகளில் 3ஆம் விதி. இன்சூரன்ஸ் பாலிசியிலும் எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் இந்த விதிப்படி ஓட்டினால்தான் செல்லும் என்று எழுதியிருக்கும். பலகை ஒட்டச் சோம்பல்பட்டு க்ளெய்மை இழக்காதீர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதே விதிகளில் 31ஆம் விதியைப் பாருங்கள். சொந்த உபயோகக் காருக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, நிஜமாக ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. அதாவது நாளுக்கு அரை மணி. கால் மணி வீதம் 21 நாள் ஓட்டினால் ஐந்து மணி சொச்சம்தான் ஆகும். பின் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது கணக்கில் வராது.

ஒவ்வொரு ஸ்கூலும் படிவம் 15 என்று ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். எந்தத் தேதியில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஓட்டினீர்கள் என்று எழுதி, மாஸ்டரும் நீங்களும் கையெழுத்துப் போடுவது. நீங்கள் போட்டீர்களா?

பீளமேட்டுக்காரி:
கடைசி நாளில் ஒரு நோட்டில் வரிசையாகக் கையெழுத்து வாங்கினார்கள். நேரம் எழுதும் இடம் காலியாக இருந்தது.

பழைய ஃபைல்:
அதேதான். சண்டைக்குப் போகாதீர்கள். ஓனரிடம் நேராகப் போய், "படிவம் 15-ல் என் நேரத்தைப் பார்க்கணும்" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே "எக்ஸ்ட்ரா கிளாஸ் வந்து ஓட்டிக்கம்மா" என்பார்கள். இல்லையென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம், ஸ்கூலுக்கு லைசென்ஸ் கொடுப்பது அவர்கள்தான்.

ஈரோட்டு அக்கா:
கூடுதல் வகுப்பு கிடைத்தால் தனியாக ஓட்டக் கேள் கண்ணு. பின் சீட்டில் ஆள் இருந்தால் மாஸ்டருக்கும் அவசரம், நமக்கும் கூச்சம். ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டே வந்தால், "சார், வாயால சொல்லுங்க, நானே திருப்பறேன்" என்று சொல்லிவிடு. மரியாதையாகச் சொன்னால் கேட்பார்கள். கேட்காத ஆள் என்றால் வேறு மாஸ்டரைக் கேள்.

பீளமேட்டுக்காரி:
எல்லோருக்கும் நன்றிங்க. ஓனரிடம் பதிவேட்டைக் கேட்டேன். முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் தனியாக அரை மணி வகுப்புகள் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். மாஸ்டரிடம் காலைத் தரையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அன்றைக்கு ஆல்டோவும் சிக்னலுக்குச் சிக்னல் ஆஃப்! வீட்டில் பக்கத்து வீட்டு மாமாவோடு கிளட்ச் பயிற்சி செய்கிறேன், சமதளத்தில் ஸ்விஃப்ட் இப்போது ஒழுங்காகக் கிளம்புகிறது. பாலம் ஏறும்போதுதான் பின்னால் உருளுகிறது. டெஸ்டுக்குத் தேதி எடுக்கலாமா?

முன்னாள் மாஸ்டர்:
எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், அவசரம் எதற்கு? ஃபெயில் ஆனால் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி விடுவார்கள். ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, கிளட்சை விடுங்கள். பானட் கொஞ்சம் தூக்கும், சத்தம் கம்மும். அப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். பாலத்தில் வேண்டாம், முதலில் ஏதாவது அபார்ட்மென்ட் பார்க்கிங் சரிவில் பழகுங்கள். அங்கே வந்துவிட்டால் தேதி எடுங்கள்.