அம்மாவின் கைபேசியை வாங்கி வைத்துவிடலாமா?

காவிரிக்கரை எழுதியது:

ஸ்மார்ட்போன் நல்லதா கெட்டதா என்ற பேச்சு வந்தால் எல்லோரும் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எங்கள் வீட்டுக் கவலை அம்மாவைப் பற்றியது. வயது 68. அப்பா காலமான பிறகு பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறார். நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். அண்ணன் மெல்போர்னில். போன் வாங்கிக் கொடுத்தது அண்ணன்தான்.

அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் இன்று காலையில் எழுந்ததும் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பார்க்கிறார். 120 அடியில் எத்தனை அடி நிற்கிறது, நீர்வரத்து கூடியிருக்கிறதா, ஜூன் 12-இல் திறப்பார்களா என்று அவருக்கு எல்லாம் தெரியும். குறுவை நெல்லுக்கு நாற்று விடலாமா, பொறுக்கலாமா என்று நிலம் பார்ப்பவரிடம் முடிவு சொல்வது இப்போது அம்மாதான். அப்பா இருந்தவரை இதில் அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. காலைச் சமையல் முடியும் நேரத்துக்கு மெல்போர்னில் பேரன் பள்ளிவிட்டு வந்துவிடுவான், அவனோடு பேசாத நாள் கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்கியவர், வாயால் சொல்லித் தமிழில் எனக்குச் செய்தி அனுப்புகிறார்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் அந்தக் குட்டிக் குட்டி வீடியோக்கள். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது, அரிசி டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பக்கத்து அடுப்பில் வத்தக்குழம்பு அடிப்பிடித்து வீடெல்லாம் புகை. இரவு பதினொன்றரை மணிக்கும் அவர் அறையில் வெளிச்சம் இருந்தது. மாலையில் கோயில் வாசலில் உட்கார்ந்து பேசும் பெண்கள், "உங்கம்மாவைப் பார்க்கவே முடிவதில்லையே" என்கிறார்கள்.

என்னை உலுக்கியது வேறொன்று. வெந்தயமும் கருஞ்சீரகமும் ஊறவைத்த தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை மாத்திரையே வேண்டாம் என்று வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வீடியோவில் சொன்னாராம். இரவு மாத்திரையை அம்மா நிறுத்திவிட்டார். அட்டையில் ஒரு வரிசை மாத்திரை அப்படியே இருக்கிறது.

போனைப் பிடுங்கிவிட்டுப் பட்டன் போன் கொடு என்கிறார் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே நேரம் பயமாகவும் இருக்கிறது. வீட்டில் பெரியவர்களை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

பட்டுக்கோட்டையான் எழுதியது:

அண்ணன் சொல்வதுதான் சரி. என் தந்தைக்குக் காவல் அதிகாரி உடையில் ஒருவன் வீடியோ அழைப்பில் வந்தான். உங்கள் ஆதார் எண்ணில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது, உங்களை 'டிஜிட்டல் கைது' செய்திருக்கிறோம், அறையை விட்டு நகரக்கூடாது என்று மிரட்டினான். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. ஆனால் 74 வயதுக்காரருக்கு உடல் வியர்த்துப் போய்விட்டது. வைப்புத்தொகையை உடைக்க வங்கிக்குக் கிளம்பிய நேரத்தில் தற்செயலாக நான் வீட்டுக்குப் போனதால் பிழைத்தோம். அன்றே போனை வாங்கி வைத்துவிட்டேன். பட்டன் போனில் நிம்மதியாக இருக்கிறார். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அம்மாவின் வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

வைகை வாசகன் எழுதியது:

சகோதரிக்கு, நான் மதுரையில் வங்கி ஊழியர். பிறவியிலேயே பார்வை கிடையாது. இந்தப் பதிலை எழுதுவதும் போனில்தான்.

போனைப் பிடுங்குவது என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு பதறும். காரணம் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த காலத்தில் என் சம்பளச் சீட்டை இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வரும் கடிதத்தையும், மருந்து அட்டையின் பெயரையும், மின்கட்டணத்தையும் அப்படித்தான். எனக்கென்று ரகசியமே கிடையாது. பழைய ரூபாய் நோட்டுகளை விரலால் அளந்து பிரித்துவிடுவோம். 2016 இறுதியிலிருந்து வந்த 100, 200, 500 ரூபாய் நோட்டுகளுக்கு அகலம் ஒன்றே, நீளத்தில் ஒவ்வொன்றுக்கும் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆட்டோவில் இறங்கி அவசரமாகப் பணம் கொடுக்கும்போது அந்த 4 மில்லிமீட்டரை எந்த விரலால் தேடுவது? 2020-இல் ரிசர்வ் வங்கி 'மணி' என்றொரு செயலியைக் கொண்டுவந்தது. நோட்டைக் கேமராவுக்கு முன் பிடித்தால் மதிப்பைச் சொல்லும். யாரிடமும் "இது எவ்வளவு பாருங்கள்" என்று நீட்டாமல் நான் பணம் கொடுத்த முதல் நாள் எனக்குப் பெரிய நாள். உங்கள் அம்மா மேட்டூர் கணக்குப் பார்த்து நாற்று விடச் சொல்வதும் இதே ரகம்தான். பிறரை எதிர்பார்க்காமல் தானே ஒரு முடிவு எடுக்கிறார். இந்த வயதில் வந்த அந்த அதிகாரத்தைப் பறிக்காதீர்கள்.

அடுத்து, பார்வை உள்ளவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் இருக்கும். திரையில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் ஒவ்வொன்றாக வாசிக்கும். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இருமுறை தட்டினால் திறக்கும். விவசாயிகளுக்கான தமிழக அரசின் 'உழவன்' மாதிரியான ஒரு செயலிக்குள் போனால் தேவையானது சில தள்ளல்களில் வந்துவிடும். யூடியூபில் ஒரு நாகஸ்வரக் கச்சேரி கேட்கலாம் என்று போனால் அதற்கு முன் விளம்பரம், பரிந்துரை, ஷார்ட்ஸ் வரிசை, இன்னொரு பரிந்துரை என்று வாசித்துக்கொண்டே போகும். நான் கேட்டது ஒன்று, கேட்காமல் வந்து நிற்பது இருபது. உங்கள் கண் அவற்றை ஒரே பார்வையில் கடந்துவிடுவதாக நினைக்கிறீர்கள். கடப்பதில்லை, ஏதோ ஒன்றில் சிக்கிவிடுகிறது. எனக்கு ஒவ்வொரு தூண்டிலும் தனித்தனியாகக் காதில் விழுவதால் அதன் வேலை தெரிகிறது.

திரைக்கு அடிப்பக்கமே இல்லாமல் உருட்டிக்கொண்டே போகும் அமைப்பை 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின் என்பவர். பின்னாளில் அவரே அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார். பக்கம் முடிந்தால்தானே போதும் என்று எழுந்திருப்போம்? அந்த முடிவை எடுத்துவிட்டார்கள். பெரிய நிறுவனங்களின் பொறியாளர்கள் கணக்குப் போட்டுச் செய்த வேலைக்கு எதிரில் 68 வயதுப் பெண்மணியை நிறுத்திவிட்டு, "அம்மாவுக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று சொல்வது அநியாயம்.

ஆகவே நாமாகத் தேடிப் போவது எல்லாம் போனில் இருக்கட்டும், நம்மைத் தேடி வருவதை அடைத்துவிடுங்கள். யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை நிறுத்திவைத்து, பழையதையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கம் பரிந்துரை எதுவும் இல்லாமல் காலியாகிவிடும். தேடினால் மட்டுமே வரும். தானாக அடுத்தது ஓடுவதையும் அணைத்துவிடுங்கள். முகநூல், இன்ஸ்டாகிராம் இருந்தால் அம்மாவிடம் கேட்டுவிட்டு நீக்குங்கள். கேட்காமல் செய்யாதீர்கள்.

பட்டுக்கோட்டை நண்பருக்கு: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் மோசடிக்காரனின் அழைப்பு பட்டன் போனுக்கும் வரும். அப்போது அந்த எண்ணைத் தேடிப் பார்க்கவோ மகனுக்கு ஒரு படம் அனுப்பிக் கேட்கவோ அப்பாவுக்கு வழி இருக்காது.

இரவுப்பணி எழுதியது:

நான் முதியோர் பிரிவில் செவிலியர். போன் விவாதத்தை ஒதுக்கிவிட்டு முதலில் மாத்திரையைப் பாருங்கள். வெந்தயம் உணவு, அதைச் சாப்பிடட்டும். மாத்திரையை நிறுத்தியதுதான் ஆபத்து. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை உடனே எடுங்கள். வீடியோ பொய் என்று அம்மாவோடு வாதாடாதீர்கள். எங்கள் வார்டில் பிள்ளைகள் வாதாடி வென்றதை நான் பார்த்ததே இல்லை. பரிசோதனை முடிவை மருத்துவர் எடுத்து வைத்துப் பேசும்போது கேட்பார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுக்கும் பெண் உங்கள் கிராமத்துக்கும் வருவார். அவரிடம் சொல்லி வையுங்கள், மகள் சொல்லாத உரிமையோடு அவர் சொல்வார்.

பெரியவர்களின் மூளையைப் போன் கெடுத்துவிடும் என்று அண்ணன் பயந்தால், 2025-இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வந்த ஆய்வைச் சொல்லுங்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட நான்கு லட்சத்துக்கும் அதிகமானோரைப் பற்றிய 57 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கணினி, கைபேசி, இணையம் பயன்படுத்துவோரிடம் அறிவாற்றல் குறைபாடு குறைவாகவே இருந்தது. மூளை நன்றாக இருப்பவர்கள்தான் போனைப் பிடித்துக்கொள்கிறார்களோ என்று கேட்கலாம், அது சரியான கேள்வியே. எப்படியானாலும், புதிதாக ஒன்றைக் கற்று, தடுமாறி, தீர்த்துக்கொள்வது மூளைக்கு வேலை. குட்டி வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே இருப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இரவில் போனைச் சமையலறையில் சார்ஜ் போடச் சொல்லுங்கள். தூக்கம் கெட்டால் சர்க்கரையும் ஏறும்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வைகை ஐயா எழுதியதை அண்ணனுக்கு அப்படியே அனுப்பினேன். நீண்ட நேரம் கழித்து, "போன் அம்மாவிடமே இருக்கட்டும்" என்று மட்டும் பதில் வந்தது. சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். திங்களன்று கும்பகோணத்தில் பரிசோதனை, மருத்துவரையும் பார்க்கிறோம். 1930-ஐ நாட்காட்டிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுகிறேன்.

ஒரு சந்தேகம் ஐயா. அம்மா சில பட்டிமன்றங்களையும் வேளாண் பல்கலைக்கழக வீடியோக்களையும் சேமித்து வைத்திருக்கிறார். வரலாற்றை நிறுத்தினால் அவையும் போய்விடுமா? போய்விட்டால் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்.

வைகை வாசகன் எழுதியது:

போகாது. சேமித்த பட்டியலும் சந்தா செய்த சேனல்களும் அப்படியே இருக்கும். வேளாண் பல்கலைக்கழக சேனலுக்கு அம்மா சந்தா செய்திருக்கிறாரா என்று பாருங்கள், இல்லையென்றால் முதலில் அதைச் செய்துவிட்டுப் பிறகு வரலாற்றை நிறுத்துங்கள். அமைப்புகளை அம்மாவின் கையாலேயே மாற்றச் செய்யுங்கள். மீண்டும் எங்கே திறப்பது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.