சிற்றூர் எபிஸ்கோபல் சபைகள்: கண்ணில் நின்றுவிட்ட காட்சி எது?

குருத்தோலை:
சாம்பல் புதன், அதாவது நெற்றியில் சாம்பலால் சிலுவை இட்டுத் தவக்காலம் தொடங்கும் நாள். அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் எபிஸ்கோபல் (ஆங்கிலிக்கன் மரபு) சபை, வந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. ஆராதனை முடிந்து சற்று நேரத்தில் ஒரு சிறுமி நெற்றியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சாம்பலைத் துடைத்தால், அடியில் தோல் அதே சிலுவை வடிவில் சிவந்திருந்தது! குழைக்கத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். போன வருஷக் குருத்தோலை ஞாயிற்றின் ஓலையை எரித்த சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு. தண்ணீர் பட்டால் காரம். அந்தக் காலத்தில் சோப்புக் காய்ச்சியதே சாம்பல் தண்ணீரில்தான். பொடியாகவே பூசலாம். ஒட்டாவிட்டால் ஆலிவ் எண்ணெய் இரண்டே சொட்டு.

வெள்ளைத்துணி:
தண்ணீரை மட்டும் சொன்னால் போதாது. ஓலை சரியாகக் காயாமல் எரித்தால் பாதி கரியாக நிற்கும், அந்தத் துணுக்குகள் தோலைக் கீறும். தகர டப்பாவில் வெளியே வைத்து எரித்து, நன்றாக ஆறவிட்டு, நுணுக்கி, இரண்டு முறை சலிக்க வேண்டும். எபிஸ்கோபல் சபையின் ஆராதனை நூலான 1979 ஜெபப்புத்தகத்தில் சாம்பல் பூசுவது கட்டாயமும் இல்லை, குழந்தைகளை வற்புறுத்தாதீர்கள்.

மறக்காத காட்சி வேறு. நற்கருணைக் கிண்ணம் துடைக்கும் துணியிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்ததும், உதட்டுச்சாயத் தடம் ரோஜா நிறத்தில் அப்படியே பதிந்திருந்தது. சாயத்தில் மெழுகு இருக்கிறது, சூடு அதை நூலுக்குள் இறக்கிவிடும். முதல் அலசல் குளிர்ந்த தண்ணீரில். அதில் நற்கருணை ரசம் கலந்திருப்பதால், அந்தத் தண்ணீரைப் பிசீனா என்ற சிறு கழுவுதொட்டியில் ஊற்றுவார்கள். அதன் குழாய் சாக்கடைக்குப் போகாது, நேரே மண்ணில் இறங்கும். பிசீனா இல்லாத இடத்தில் செடியடி. பிறகு கறையில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தேய்த்து ஊறவைத்துத் துவைத்து, ஈரம் இருக்கும்போதே இஸ்திரி. கஞ்சி கூடவே கூடாது, துணி ஈரம் உறிஞ்சாது.

தேவதாரு:
துணியைப் பார்க்கிறீர்கள், சுவரை யார் பார்ப்பது? ஒரு மரக் கோவிலில் பலகை நடுவில் மேலிருந்து கீழே பிளந்து, உள்ளே வெளிச்சக் கோடு விழுந்தது.

இந்த வகை மரக் கோவிலுக்கு ஓர் உதாரணம் மேய்ன் மாநிலம் பிரன்ஸ்விக்கில் செயின்ட் பால்ஸ், கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் அப்ஜான் வரைந்தது, 1845. நியூயார்க் டிரினிட்டி கோவிலைக் கல்லில் கட்டிய அதே அப்ஜான்தான். 1852-இல் அவர் வெளியிட்ட வரைபடப் புத்தகத்தால், கல்லுக்கு வழியில்லாத ஊர்களும் உள்ளூர்த் தச்சரை வைத்தே கோவில் எழுப்பின. நெட்டுக்குத்தாகப் பலகை, இணைப்பை மூட மேலே சட்டம். மழைக்காலத்தில் பலகை விரியும், குளிரில் சூடேற்றினால் சுருங்கும். ஆகவே சட்டத்தின் ஆணி இரண்டு பலகைக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக இறங்க வேண்டும். பழுது பார்க்க வருபவர் உறுதிக்காகச் சட்டத்தின் இரு ஓரமும் ஆணி அடித்தால் பலகைக்கு நகர இடமில்லை, பிளந்துவிடும். விரிசலை மக்கு வைத்து அடைக்காதீர்கள், உள்ளே புகுந்த நீர் வெளியேறாமல் அடிப்பலகை உளுத்துப்போகும். முதலில் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மண் பலகையைத் தொடாமல் ஒரு சாண் இறக்குங்கள்.

குருத்தோலை:
சலிப்பது சரி. ஆனால் அந்தச் சாம்பல் மாவு மாதிரிதான் இருந்தது, குழைத்த கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. சிறிய சபைக்கு இரண்டு தேக்கரண்டியே மிஞ்சும். மிச்சத்தைக் காற்றுப் புகாத குப்பியில் வையுங்கள். சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும்.