'திறன்' என்பதற்குச் சட்டத்தில் என்ன அர்த்தம்?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு சந்தேகம்.

பத்தமடையில் பாய் நெய்கிற எங்கள் சித்திக்குப் போன வருஷம் பஸ் மோதி வலது கை மணிக்கட்டு போய்விட்டது. இழப்பீட்டு வழக்கு திருநெல்வேலியில் நடக்கிறது. எதிர்த்தரப்பு, "சான்றிதழ் கிடையாது, அதனால் திறன் பெறாத தொழிலாளி" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வருமானத்தையும் அந்தக் கணக்கில்தான் போடச் சொல்கிறார்கள்.

கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, நூல் மாதிரி கீறி, பட்டுபோல மடிகிற பாயாக நெய்கிறவள் அவள். புவிசார் குறியீடு பாய்க்கு உண்டு, நெய்த கைக்குத் திறன் இல்லையாம்!

நானும் புரட்டிப் பார்த்தேன். 2019 ஊதியச் சட்டத்தொகுப்பின் 6-வது பிரிவு திறன் பெறாதவர், பகுதித் திறனாளர், திறனாளர், உயர்திறனாளர் என்று நாலாகப் பிரிக்கிறது. ஆனால் வரையறைப் பகுதியில் 'திறன்' என்ற சொல்லுக்கு விளக்கம் இல்லை. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 212-வது பிரிவு முகவரைப் பற்றியது. அதே தொழில் செய்கிறவர்களுக்குப் பொதுவாக உள்ள திறமையைத்தான் அது அளவாக வைக்கிறது, சான்றிதழை இல்லை. சரி, அது நம் வழக்குக்கு நேரடியாகப் பொருந்தாது.

பாய், தறி, மண்பாண்டம் மாதிரி கைத்தொழிலாளியைத் திறனாளர் என்று ஏற்ற தீர்ப்பு தெரிந்தால் எண்ணோடு சொல்லுங்கள். சங்க உறுப்பினர் அட்டை, பழைய பாய் விற்ற ரசீது இதெல்லாம் சாட்சியமாக எடுபடுமா? வக்கீலைப் பார்க்க வெள்ளிக்கிழமை போகிறோம்.