புதுப்பிப்பு: கூப்பிடக் கூப்பிட நீளும் லிஸ்ட் – காரணம் கிடைத்தது

பைத்தான் ஃபங்ஷன் ஒன்று முதல் முறை சரியான லிஸ்டைத் தருகிறது, அடுத்த முறை பழைய விவரங்களையும் சேர்த்துத் தருகிறது, ஏன் என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். சரி, பிடிபட்டுவிட்டது.

கண்டுபிடித்துக் கொடுத்தது கிட் பைசெக்ட்: கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில், பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேட உதவும் கட்டளை. ஒழுங்காக ஓடிய பழைய கமிட்டை (கிட்டில் பதிந்த ஒரு மாற்றம்) 'குட்' என்றும் இப்போதையதை 'பேட்' என்றும் சொன்னால், நடுவில் உள்ளதை எடுத்து நீட்டும். சோதித்துச் சொல்லச் சொல்லத் தேடும் பகுதி பாதியாகிக்கொண்டே போகும். 1000 கமிட் இருந்தாலும் சுமார் 10 சோதனை போதும்.

சிக்கிய கமிட் சின்னது. அதனால்தான் பார்த்ததுமே புரிந்தது. கமிட்டைச் சிறிதாக வைக்கச் சொல்வது இதற்காகவே. அதில் ஃபங்ஷனின் ஓர் அளவுருவுக்கு டீஃபால்ட்டாக, அதாவது அழைப்பவர் எதுவும் தராதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்பாக, காலி லிஸ்ட் கொடுத்திருந்தது. டீஃபால்ட் மதிப்பு, ஃபங்ஷனை வரையறுக்கும் 'டெஃப்' வரி ஓடும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகும். அப்புறம் மதிப்பு தராத எல்லா அழைப்பும் அதே லிஸ்டின் கடைசியில்தான் அப்பெண்ட் செய்யும், அதாவது சேர்க்கும். இப்போது டீஃபால்ட்டை 'நன்' (None, 'எதுவும் இல்லை' என்று பொருள்) ஆக்கி, புது லிஸ்டை ஃபங்ஷனுக்கு உள்ளே உருவாக்குகிறோம். டெஸ்ட்டும் சேர்த்தாயிற்று.

தேடி முடித்ததும் 'கிட் பைசெக்ட் ரீசெட்' கொடுங்கள்; இல்லாவிட்டால் பழைய கமிட்டிலேயே நிற்பீர்கள்.