ரேடியோ ஸ்டேஷன் கேட்ட பாட்டையே சுற்றிச் சுற்றிப் போடுகிறது

ஒரு பாட்டைக் கொடுத்தால் அதே சாயலில் புதுசு புதுசாகப் போடும் இணைய ரேடியோ ஆப். ஆண்ட்ராய்டு 14, கட்டணச் சந்தா. இரண்டு மாதமாகப் புதிதாக எதுவும் வருவதில்லை. நாதஸ்வரத்தில் தொடங்கினாலும் நாலாவது பாட்டுக்குள் நான் எப்போதோ லைக் போட்ட சினிமா ஹிட்டில் வந்து நிற்கிறது. ஜாஸில் தொடங்கினாலும் இதே கதைதான்!

கேட்ட வரலாற்றை அழித்தேன், ஆப்பை நீக்கி மறுபடி போட்டேன், டிஸ்லைக் கொடுத்துப் பார்த்தேன். லேப்டாப்பிலும் அப்படியே, அதனால் போன் கோளாறு இல்லை. நம்மைப் போன்ற ரசனைக்காரர்கள் கேட்பதை வைத்துப் பரிந்துரைப்பதால் பிரபலமானதே மேலே வரும், புரிகிறது. அப்படியில்லாமல் ஒவ்வொரு பாட்டின் இசைக்கூறுகளையும் ஆட்கள் கேட்டுக் குறித்த பாண்டோரா என்ற இணைய ரேடியோவுக்கு மாறலாம் என்றால், அது அமெரிக்காவுக்கு வெளியே கிடைப்பதில்லை.

பழைய லைக்குகளை இழக்காமல் ஸ்டேஷனைக் கேட்டறியாத கலைஞர்கள் பக்கம் திருப்ப என்ன வழி? (புதுக் கணக்கு யோசனை வேண்டாம்.)