பூத்துக் கொட்டுகிறது, காய்க்க மாட்டேன் என்கிறது: வீட்டுக்குள் தக்காளி வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

ஜன்னலோரம்:

மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். பால்கனி கிடையாது. கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல்தான் என் நிலபுலன் எல்லாம். போன வருடம் அங்கே ஒரு தக்காளிச் செடி வைத்தேன். நாற்றாக இருக்கும்போதே கழுத்தை நீட்டிக்கொண்டு கண்ணாடியில் போய் முட்டியது. குச்சி நட்டுக் கட்டினேன். கிளைத்தது, பூத்தது, அதுவும் கொத்துக் கொத்தாக. வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் ஜன்னலருகே அழைத்துப் போய்க் காட்டினேன்.

ஐந்தாம் நாள் உதிர ஆரம்பித்தது. பூக்காம்பின் நடுவில் சின்ன முட்டி போல ஒரு கணு இருக்குமே, அந்த இடம் மஞ்சளாகும். விரல் பட்டதும் பூ கையோடு வந்துவிடும். எண்ணிக்கொண்டே வந்தேன், 41க்குப் பிறகு விட்டுவிட்டேன். ஒரு பிஞ்சுகூட இல்லை. உரம் போட்டேன், தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். செடியிடம் பேசிக்கூடப் பார்த்தேன். எனக்கு மட்டும்தான் இப்படியா?

அரைக்கிறுக்கன்:

உங்களுக்கு மட்டும் இல்லை. நானும் ஒரு பருவம் முழுக்கப் பூவைப் பொறுக்கிக் குப்பையில் போட்டவன்தான்.

யாரோ சொன்னார்கள் என்று ஓவியத் தூரிகையை எடுத்து இரண்டு வாரம் பூக்களுக்குக் கிச்சுகிச்சு மூட்டினேன். பலன் இல்லை. பிறகு ஒரு பூவைப் பிய்த்து, பிளந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் மகரந்தப் பைகள் ஒட்டிச் சேர்ந்து ஒரு கூம்பாக நிற்கின்றன, மகரந்தம் அந்தக் கூம்பின் உட்பக்கம் அடைந்து கிடக்கிறது. வெளியே தடவி என்ன பயன்? உலுக்கினால்தான் கொட்டும். தோட்டத்தில் அந்த வேலையைக் காற்று செய்கிறது. பம்பிள் தேனீ என்ற பருத்த, ரோமம் அடர்ந்த தேனீ பூவைக் கவ்விக்கொண்டு தன் பறக்கும் தசைகளை அதிரவைத்து உதிர்க்கிறது. சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது, ஆகவே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பெரிய பசுமைக்குடில்களிலேயே 1980களின் இறுதியில் பம்பிள் தேனீக் கூடுகள் வரும்வரை ஆட்கள் அதிர்வுக் கருவியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பூங்கொத்தாகத் தொட்டுக்கொண்டே போனார்களாம்.

என் கருவி, பழைய மின் பல்துலக்கி. தூரிகைப் பக்கம் வேண்டாம், அதன் முதுகைப் பூங்கொத்தின் காம்பில் 2, 3 விநாடி வைத்தால் போதும். முதல் தடவை கறுப்பு அட்டையைக் கீழே பிடித்திருந்தேன். வெளிர்மஞ்சள் தூசி ஒரு சிட்டிகை வந்து விழுந்தது. அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை வீட்டில் ஒருவரும் பங்குபோட்டுக்கொள்ளவில்லை. நண்பகலை ஒட்டிச் செய்யுங்கள். காலை ஈரத்தில் மகரந்தம் கட்டிபட்டு நிற்கும். ஒரு வாரம், பத்து நாளில் இதழ்கள் காய்ந்து சுருளும். அதை ஊசியால் மெல்ல விலக்கினால் உள்ளே கடுகளவு பச்சை மணி இருக்கும். “செடிக்குப் பல் தேய்த்தாயிற்றா?” என்று இன்றுவரை மனைவி கேட்கிறாள்.

கண்ணை நம்பாதே:

பல்துலக்கியே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நண்பர் எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கழுத்தை நீட்டிய நாற்று என்று முதல் பதிவிலேயே இருக்கிறதே! அது வெளிச்சப் பஞ்சத்தின் அடையாளம். பட்டினி கிடக்கும் செடி பூவைத் தானே உதிர்த்துவிடும், எவ்வளவு உலுக்கினாலும்.

நம் கண் பெரிய ஏமாற்றுக்காரன். ஜன்னலருகே பளிச்சென்று இருக்கிறது என்று நினைப்போம். ஒளிமானியை வைத்துப் பார்த்தேன்: கண்ணாடியை ஒட்டி இருந்த அளவு, இரண்டடி உள்ளே வந்ததும் கால் பங்குக்கும் கீழே போய்விட்டது. அன்றே வெள்ளை எல்இடி விளக்கு வாங்கிச் செடியின் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கூடுதல் வெளிச்சம், கூடுதல் காய் என்று கணக்குப் போட்டு 24 மணி நேரமும் எரியவிட்டேன். இரண்டு வாரத்துக்குள் இலைகள் நரம்புக்கு நரம்பு வெளுத்து, வரைபடம் போலத் திட்டுத்திட்டாக ஆகிவிட்டன. நோய் என்று நினைத்து இலைகளைக் கிள்ளி எறிந்தேன். பிறகுதான் தெரிந்தது, இருட்டே இல்லாவிட்டால் தக்காளி இலை சேதமடையும். இப்போது டைமர் வைத்து 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் இருட்டு. வெளுத்த இலைகள் தேறவில்லை. புது இலைகள் பச்சையாகவே வந்தன.

இன்னொன்று. இலையின் அடியில் மணல் தூவியது போலக் கொப்புளங்கள் வந்தன. பூச்சி முட்டை என்று சோப்புத் தண்ணீரால் கழுவு கழுவென்று கழுவினேன். முட்டையும் இல்லை, பூச்சியும் இல்லை. புறஊதாக் கதிர் இல்லாத விளக்கின் கீழ் சில ரகங்களுக்கு இப்படி வருமாம். தொற்றாது. என் கைதான் வெந்தது.

சின்னக்குட்டி:

பெரியவர்கள் ரகத்தைப் பற்றிப் பேசவே இல்லையே. வளர்ந்துகொண்டே போகும் கொடி ரகத்தை அறைக்குள் வைத்தால் கூரை வரை போராட்டம்தான். நான் வைப்பது மைக்ரோ டாம். புளோரிடா பல்கலைக்கழகத்தார் 1989இல் வெளியிட்டது. மொத்தச் செடியே ஒரு சாண்தான். புத்தக அலமாரியின் ஒரு தட்டில் ஐந்து செடி நிற்கிறது. ருசி? உண்மையைச் சொன்னால் சுமார். அலங்காரத்துக்கு வளர்க்கிறோம், கூடவே காய்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விண்வெளி நிலையத்தில்கூட ரெட் ராபின் என்ற குட்டை ரகத்தைத்தான் வளர்த்தார்கள். பிராங்க் ரூபியோ என்ற விண்வெளி வீரர் அறுவடை செய்த தக்காளி அங்கே காணாமல் போய், அவரே தின்றுவிட்டார் என்று மாதக்கணக்கில் கேலி செய்தார்கள். அவர் பூமிக்குத் திரும்பிய பிறகு அது கிடைத்தது! எங்கள் வீட்டிலும் ஒன்று காணவில்லை. அது கிடைக்காது, குற்றவாளிக்கு நான்கு வயது.

ஈரக்கை:

என் அனுபவம் சின்னது. பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினேன். மண்ணிலிருந்து கொசு மாதிரி சின்னக் கறுப்புப் பூச்சிகள் கிளம்பி மூக்கில் ஏறின. தண்ணீரை நிறுத்தி, மேல்மண் இரண்டு விரல்கடை காய்ந்த பிறகே ஊற்றத் தொடங்கினேன். மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றும் வைத்தேன். மூன்று வாரத்தில் ஓய்ந்தது. அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். 32 டிகிரி தாண்டினால் மகரந்தம் கெட்டுப்போகும்.

ஜன்னலோரம்:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். இருவர் சண்டையிலும் நான் கட்சி சேரவில்லை. விளக்கும் வாங்கினேன், பல்துலக்கியும் எடுத்தேன். எதனால் காய்த்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்று பிஞ்சு நின்றது. பக்கக்கிளை கிள்ளிவிட்டுக் கை கழுவினால் சோப்பு நுரை பச்சைமஞ்சளாக வருகிறது. துண்டில் பட்ட கறை போகவே இல்லை.

இப்போது ஒரு கவலை. இருப்பதில் பெரிய காய்க்கு, பூ இருந்த அடிப்பக்கம் இன்று காலை நிறம் மாறியிருக்கிறது. அடி அழுகல் என்று ஒன்று வருமாமே?

அரைக்கிறுக்கன்:

பதற வேண்டாம், முதலில் தொட்டுப் பாருங்கள். தோல் போலக் காய்ந்து, பழுப்பாகிக் குழிந்திருந்தால் அழுகல்: தண்ணீர் ஒரு நாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று போனதால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து எட்டவில்லை என்று பொருள். குழியில்லாமல் வழவழப்பாக இருந்தால் வேறு கதை. தக்காளி பழுக்கத் தொடங்குவதும் அதே அடிப்பக்கத்திலிருந்துதான்.

ஜன்னலோரம்:

தொட்டுப் பார்த்தேன். குழி இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் லேசாக ஆரஞ்சு.